தலைவரின் ஸ்வெட்டர்

இரண்டு கைகளையும் நுழைத்து, தலையை நுழைத்து, ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிடப் போனபோது இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. விரல்கள் விலா எலும்பில் போய் நின்றன. தலைவர் மறுபடி தடவிப் பார்த்தார். தோள் சரியாக இருந்தது. கழுத்து சரியாக இருந்தது. கைகள் மணிக்கட்டு வரை வந்தன. நெஞ்சுக்குக் கீழே ஸ்வெட்டரே இல்லை. அலமாரிக் கண்ணாடியில் நரைத்த மீசையோடு ஒரு மனிதர், சிறுமியின் சட்டையைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்போல நின்றார்.

எலியாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். எலி இவ்வளவு நேர்த்தியாகத் தின்னாது. அறுந்த நூல் என்று எங்கும் இல்லை. பின்னலின் கண்ணிகள் வரிசையாக, ஒன்றுகூட நழுவாமல், ஒரு வெள்ளைக் கயிற்றில் கோத்து நிறுத்தப்பட்டிருந்தன. கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அவருக்குத் தெரியும். மாவுப் பையிலிருந்து பழைய செய்தித்தாள் கட்டு வரை அந்த வீட்டில் எல்லாவற்றிலும் இருந்த முடிச்சு. அதைப் போட்டவள் முன்னறையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள்.

தங்கை அன்று விடியும்போது போய்ச் சேர்ந்தாள். எதிர்பார்த்ததுதான். மார்பில் வந்த நோய் முதுகுக்கு இறங்கி, கடைசி மாதங்களில் அவளைப் படுக்கையோடு போட்டிருந்தது. தலைவர் அழவில்லை. வண்டிக்குச் சொன்னார், வாசலில் நாற்காலி போடச் சொன்னார், முகம் மழித்துக்கொண்டார். நல்லது கெட்டது எதுவானாலும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரோடுதான் அவர் சபையில் நிற்பது வழக்கம். தங்கை பின்னியது, தங்கைக்காக இன்று போட வேண்டும் என்று எடுத்தார். எடுத்த இடத்தில் இப்படி.

அது கடையில் வாங்கிய சரக்கு இல்லை. கம்பளி ஆலையில் தலைவரின் சங்கம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. வென்று, கதவு திறந்த வாரத்தில், சாயக்காரர் முதல் தொட்டியில் முக்கி எடுத்த நூல் அது. சுண்டுவிரல் தடிமன். எந்த முதலாளியும் கேட்டிராத சிவப்பு. "இது ஆலைக்கு இல்ல, நமக்கு" என்று இரு கை நிறைய நூலைத் தலைவர் கையில் திணித்தார். தங்கை பின்னினாள். அவள் எதைப் பின்னினாலும் கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குவாள். அப்படிப் பின்னினால் பிள்ளை வளர வளரக் கீழே நீட்டிக்கொள்ளலாம், வேண்டுமென்றால் கீழேயிருந்து பிரித்தும் கொள்ளலாம் என்பாள். பிரித்துக்கொள்வது என்ற பாதியை அவர் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை.

ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். மருமகள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கான கோப்பைகளைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் வேலை?"

அவள் பார்த்தாள். அடுப்பைத் தணித்தாள்.

"அத்தை கேட்டாங்க, மாமா. எடுத்துக் குடுத்தேன்."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேன். அண்ணன் துணிய கொஞ்சம் சரி பண்ணணும்னாங்க."

"சரி பண்ணியாச்சு," என்றார் தலைவர். "பிரிச்ச நூல் எங்க? யாருக்குப் போச்சு?"

மருமகள் ஏற்கெனவே துடைத்திருந்த கோப்பையை மறுபடி துடைத்தாள். அந்த வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், பதில் ஒரே ஒரு ஆளாகத்தான் இருக்கும். அவர் மகள்.

மகள் கல்யாணம் செய்துகொண்டது கொதிகலன்காரன் மகனை. வேலைநிறுத்தத்தின் முதல் வாரத்திலேயே பின்கதவு வழியாக உள்ளே போன கருங்காலி அந்தக் கொதிகலன்காரன். அவன் போனதால் ஆலையில் புகை வந்தது. புகையைப் பார்த்து இன்னும் எத்தனையோ பேருக்குக் கால் தடுமாறியது. கருங்காலி வீட்டில் வாழப் போகிறவள் தன் வாசற்படி ஏறக் கூடாது என்று தலைவர் சொன்னார். சொன்ன சொல்லை அவர் மாற்றியதாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. தங்கை மட்டும்தான் அன்றைக்கு எதிர்த்துப் பேசினாள். "உள்ள போனது அவங்கப்பன். இவன் அப்போ தொட்டில்ல கிடந்தான். தொட்டிலுக்கும் மறியல் பண்ணுவியா அண்ணா?" என்று கேட்டாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தார்.

மருமகளிடமிருந்து மிச்சமும் வந்தது. தலைவர் சங்க அலுவலகத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து மகள் பின்கதவு வழியாக வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டது மருமகள். மகனுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுத் தையற்காரிக்கும் தெரியும். பிரித்த நூலைக் கழுவி, சுருக்கம் போகக் கட்டில் கம்பியில் காயப் போட்டிருந்தார்களாம். தடி ஊசியால் காதை மூடுகிற தொப்பி ஒன்று. அதற்கு ஜோடியாக, முனைகள் சேர்ந்து வளையமாக இருக்கும், தலைவழியே மாட்டிக்கொள்கிற மப்ளர் ஒன்று. போன வாரம்தான் வளையத்தை முடித்துக் கையில் கொடுத்தாளாம்.

"பின்கதவு," என்றார் தலைவர்.

அவரை அதிகமாகச் சுட்டது இன்னொன்று. அந்தத் தொப்பியை அவரே பார்த்திருக்கிறார். மாலையில் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார். அவள் கை போர்வைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அறையின் மங்கிய மஞ்சள் விளக்கில் நூல் பழுப்பாகத் தெரிந்தது. என்ன பின்னுகிறாய் என்று கேட்டார். தொப்பி என்றாள். யாருக்கு என்றார். "தலை இருக்கறவங்களுக்கு," என்றாள். மருந்தால் முடி கொட்டிப் போனவள், தனக்குத்தான் பின்னிக்கொள்கிறாள் என்று எண்ணி, உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டார். நூல் உருண்டை கட்டிலுக்கு அடியில் ஓடும்போதெல்லாம் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். தன் சொத்தைத் திருடுகிறவளுக்குத் தானே கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்.

முன்னறைக்கு வந்து அவள் தலைமாட்டில் நின்றார். திட்டுவதற்கு வேண்டிய சொல் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. திட்டு வாங்க ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். செய்வதைச் செய்துவிட்டு, திட்டு விழுகிற நேரத்தில் வேறு அறையில் இருப்பாள். இப்போது ஒரேயடியாகத் தப்பித்துவிட்டாள். முகத்தில் அந்த அமைதியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் கூடியது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டதும், போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார்.

பழைய ஆலைக்காரர்கள் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடைகளை வாசலில் விரித்தபடி வைத்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சாயக்காரருக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது. தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தலைவரே, கோட்டுல நிக்கிறீங்க? தங்கச்சி பின்னினத இன்னைக்குப் போடாம என்னைக்குப் போடப் போறீங்க?"

"பூச்சி அரிச்சிடுச்சு," என்றார் தலைவர்.

மேடையில், பேச்சுவார்த்தையில், போலீஸ் நிலையத்தில் எங்கும் பொய் சொல்லாதவர் என்ற பெயர் அவருக்கு. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. சாயக்காரர் துக்கம் விசாரிக்க வந்ததை மறந்து, கம்பளிப் பூச்சி எவ்வளவு பொல்லாதது, என்ன உருண்டை வாங்கி அலமாரியில் போட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தலைவர் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் தெருமுனையில் அந்தச் சிவப்பு திரும்பியது. சாம்பல் நிற மழையில், சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே அது மட்டும் தனியாக வந்தது. கீழே நீலச் சீருடைக் கோட்டு. மேலே தொப்பியும் வளையமும். இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்று தொப்பியின் மடிப்பில் ஓடிய வரி கழுத்திலும் அப்படியே தொடர்ந்தது. மகள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். எதிர்ச்சாரியில் ஒரு கடைக் கூரையின் கீழ் அவள் புருஷன் நின்றுகொண்டான். தெருவைத் தாண்டவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.

நாற்காலிகளில் பேச்சு நின்றது. எல்லாருக்கும் கதை தெரியும். சாயக்காரர் மட்டும் எழுந்தார். அவள் படியருகே வந்ததும் எதிரே போய், கழுத்து வளையத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது என் தொட்டி," என்றார். பிறகு மெல்லத் திரும்பினார். "பூச்சின்னீங்களே, தலைவரே."

தலைவர் வாசலில் விரித்திருந்த குடைகளைப் பார்த்தார்.

"பூச்சி வேலைக்கெல்லாம் போயிட்டு வருது போலிருக்கு," என்றார் சாயக்காரர்.

பின்வரிசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். தலைவரின் காது மடல்கள் சூடாயின. வாசற்படியில் ஏறி, கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.

"அதக் கழட்டிட்டு உள்ள வா."

"மாட்டேன்," என்றாள் மகள்.

"அது என்ன நூல்னு தெரியுமா?"

"தெரியும். பாலுக்குப் பதிலா அதைத்தானே ஊட்டி வளத்தீங்க."

"தெரிஞ்சுமா கருங்காலி வீட்டுக்குள்ள மாட்டிட்டுத் திரியற?"

"நான் மாட்டிட்டுப் போறது குளிர்கிடங்குக்கு." அவள் குரல் உயரவில்லை. அவருடைய குரலேதான் அது. மேடையில் ஒலிபெருக்கி வேண்டாத குரல். "பனிக்கட்டி மாதிரி அறைக்குள்ள நாளெல்லாம் பெட்டி அடுக்குறேன். காது மரத்துப் போகுதுன்னு அத்தைகிட்ட ஒரு தடவை சொன்னேன். அவங்களுக்குத் தெரியும். நான் எங்க வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அத்தனை பேர் முன்னால் காட்டிக்கொள்ளவும் முடியாது. தலைவர் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தார். அது விட்டுக்கொடுத்தது இல்லை. பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு வாசலில் சண்டை போடுகிற குடும்பம் என்று யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான். அவள் தொப்பியோடும் வளையத்தோடும் அவரைத் தாண்டி உள்ளே போனாள். போகும்போது தோள்கூடப் படவில்லை.

உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தார். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது, அத்தையின் நகங்களைத் தன் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. மகன் முன்னால் பிடித்தான், ஆலைக்காரர்கள் பின்னால் பிடித்தார்கள். தலைவர் குடையில்லாமல் நடந்தார். கோட்டு மெல்லியது, தோள் வழியாக ஈரம் இறங்கியது. வழியெல்லாம் அவர் யோசித்தது தங்கையைப் பற்றி இல்லை, சாயக்காரரின் அந்தப் பார்வையைப் பற்றி. முப்பது ஆண்டுகளில் அவர் சொல்லை யாரும் அப்படி உரசிப் பார்த்ததில்லை. ஒரு தொப்பிக்காகத் தங்கை தன்னைப் பொய்யனாக்கிவிட்டாள். அவளைக் குழியில் இறக்கும்போதும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்தார். யாருக்கு உறைக்க வேண்டும் என்று நினைத்தார் என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது, பொழுது சாயவில்லை. வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். மகன் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மகள் அடுக்களையில் மருமகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். தலைவர் அந்த அரை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார்.

"இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ."

மகள் அதை அப்போதுதான் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. எங்கிருந்து நூல் வந்தது என்று அத்தை அவளிடமும் சொல்லியிருக்கவில்லை. பழைய மிச்சம் கிடந்தது என்று சொல்லியிருக்கிறாள். மகள் ஸ்வெட்டரைப் புரட்டினாள். வெள்ளைக் கயிற்றை விரலால் நிமிண்டினாள். கண்ணிகளை ஒரு சுற்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"கண்ணிய மூடல," என்றாள் கடைசியில்.

"அப்படின்னா?"

"இனி வேண்டாம்னா கண்ணிய மூடிக் கட்டிடுவாங்க. அத்தை கயித்துல நிறுத்தி வெச்சிருக்காங்க. திரும்ப ஊசில ஏத்தி, இங்கேர்ந்து கீழ பின்னிக்கலாம்."

"அவ படுத்த படுக்கையா கிடந்தா. யாரு பின்னுவா?"

மருமகளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. அந்த வீட்டில் தங்கையிடம் பின்னல் கற்றுக்கொண்டது ஒரே ஒருத்திதான். வாசற்படி ஏறக் கூடாதவள்.

தலைவருக்குப் புரிந்தது. முழுவதும் புரிந்தது. கட்டிலில் கிடந்தபடி, அவர் செய்தித்தாள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே, சிரிக்காமல், தங்கை இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருக்கிறாள்.

"திருட்டுக் கழுதை," என்றார்.

செத்தவளைச் சொல்லாதீர்கள் என்று மருமகள் வாய் திறந்து, மூடிக்கொண்டாள். மகள் முகம் சிவந்தது.

"அவங்கள ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க நூல்தானே? உங்க ஸ்ட்ரைக்குத்தானே? இந்தாங்க."

வளையத்தைத் தலைவழியே உருவி எடுத்தாள். தொப்பி கோணலாகி ஒரு காது வெளியே வந்தது. வளையத்தின் ஓரத்தில், நூல் முனை மறைத்துச் செருகியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது. பிறகு இழுக்க இழுக்க வந்தது. சுற்றிச் சுற்றிப் பின்னியதாகையால் எங்கும் தடைபடவில்லை; ஒவ்வொரு கண்ணியாக, சின்னச் சின்ன நடுக்கத்தோடு, வரிசை வரிசையாகக் கழன்றது. போன வாரம் முடித்த வரிசைகள். கடைசி நாட்களின் கை அது. சில கண்ணிகள் தொளதொளவென்றும் சில இறுகியும் இருந்தன. நெளிநெளியான சிவப்பு நூல் மேசையில் குவிந்து, விளிம்பு தாண்டி, தரையில் விழுந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா," என்றாள் மருமகள்.

மகள் நிறுத்தவில்லை. அவள் கை வேகம் கூடியது. குவியலுக்குள் நூல் நூலோடு சிக்கியது. தலைவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆலையில் நூலை இப்படிப் போட்டவனை அவர் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"நிறுத்து. சிக்கு விழுது."

"விழட்டும்."

"நிறுத்துன்னா நிறுத்து. நூலை இழுக்கற லட்சணமா இது? எவன் உனக்குக் கத்துக் குடுத்தான்?"

"உங்க தங்கச்சி."

"அவ இப்படியா கத்துக் குடுத்தா?"

மகள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. வளையம் பாதிக்கு மேல் அவள் கையிலேயே இருந்தது. தலைவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஈரக் கோட்டின் கைகளை மேலே ஏற்றிவிட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒரு முழ இடைவெளியில், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க நிறுத்தினார். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"சுத்து."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த முனையைத் தேடி எடுத்து, அவருடைய கட்டைவிரலில் ஒரு சுற்று போட்டு, இரண்டு கைகளுக்கும் குறுக்கே நூலை ஓட்ட ஆரம்பித்தாள். சிக்கு வந்த இடத்தில் நின்று, நகத்தால் பிரித்து, மேலே போனாள். சிவப்பு, சுற்றுச் சுற்றாக, அவர் மணிக்கட்டுகளில் ஏறிக்கொண்டே வந்தது. மருமகள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த பிறகுதான், எடுக்க அவருக்குக் கையில்லை என்பதைக் கவனித்து, கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

தலைவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தார். நிற்கவில்லை. மீசை நனைந்தது. முகத்தைத் திருப்பித் தோளில் தேய்த்துக்கொண்டார். கைகள் அசைந்தன, நூல் தளர்ந்து தொங்கியது.

"தளத்தாதீங்க," என்றாள் மகள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் முதுகை நிமிர்த்தி, கைகளை மறுபடி விறைப்பாக உயர்த்திப் பிடித்தார்.